ஒதுக்கிவைத்த மணல்

1857ஆம் ஆண்டில், கிள்ளானை நிர்வகித்த ராஜா அப்துல்லாவும் அவர் சகோதரர் ராஜா ஜுமாஅத்தும் கடன் வாங்கித் திரட்டிய பொருளைக்கொண்டு அனுப்பிய 87 சீனத் தொழிலாளர், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் படகைவிட்டு இறங்கிக் காட்டுவழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர் என்பதும், ஒரு மாதத்திற்குள் அவர்களில் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பதும், கோலாலம்பூரின் ஜனன சரித்திரத்தைப் படித்தவர் எல்லோரும் அறிந்தவையே. அவர்கள் தேடிவந்தது வெள்ளீயம்; நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஈயத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் கனத்த கருமணலுக்கு அமாங் என்று பெயர். குட்டைக் கரைகளில் வீணாய்க் கொட்டிக் கிடந்த அந்த அமாங்கில் இல்மனைட்டும் ஸிர்க்கானும் உண்டு. அவற்றோடு மோனஸைட்டும் உண்டு. 1909இல் மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டெடுத்ததும் இந்த மோனஸைட்டைத்தான். அதனுள் இருக்கும் தோரியம், யாரும் தொடாமலே, கணந்தோறும் தன் அணுக்களைச் சிதைத்துக் கதிர்வீசிக்கொண்டிருக்கும் வஸ்து.

இந்த மணலைக் கையால் அளைந்தவர்களில் ஸ்திரீகள் அநேகர். சர்க்காரிடம் உரிமச்சீட்டுப் பெற்று, டூலாங் என்னும் அகன்ற மரத்தட்டை இரு கையாலும் ஏந்தி, ஓடும் நீரில் குனிந்து நின்று அவர்கள் சுழற்றச் சுழற்ற, இலேசான மணல் விளிம்பைக் கடந்து ஓடும். கனத்தது நடுவில் தங்கும். பெரும்பாலும் ஹக்கா சீனப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திர நூலிலும் ஏறவில்லை.

டூலாங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கல்கத்தாவின் ஒரு பெண்மணியும் நினைவுக்கு வருகிறார். வேண்டாததைப் பொறுமையோடு கழித்து வேண்டிய ஒரு துணுக்கைக் கண்ணால் பொறுக்குவதே அவருக்கும் தொழிலாக இருந்தது. பிபா சௌதுரி 1913இல் பிறந்தார். 1936இல் கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறிய கூட்டத்தில் அவர் ஒருவரே பெண். பெண்ணுக்குக் கொடுக்கத்தக்க ஆராய்ச்சி தம்மிடம் இல்லையென்று பேராசிரியர் தேவேந்திர மோகன் போஸ் முதலில் தயங்கினாராம். மாணவி விடவில்லை.

அவர்கள் இருவரும் கைக்கொண்ட முறை, வியன்னாவில் மரியெட்டா பிளௌ என்ற மற்றொரு பெண் விஞ்ஞானி சிரமப்பட்டு வளர்த்தெடுத்தது. அதிவேகத் துகள் ஒன்று போட்டோ பிளேட்டின் ரசாயனப் பூச்சை ஊடுருவிச் சென்றால், பிளேட்டைக் கழுவியபின் அது போன வழிநெடுக வெள்ளியின் கரும்பொட்டுகள் வரிசையாய்த் தெரியும். பொட்டுக்கும் பொட்டுக்கும் உள்ள இடைவெளியையும் தடத்தின் வளைவு நெளிவையும் அளந்தால் துகளின் நிறையைக் கணிக்கலாம். டார்ஜிலிங்கிலும், ஏறத்தாழ 12,000 அடி உயரமுள்ள சந்தக்பூவிலும், அதற்கும் மேலே திபெத்தின் பாரி ஜோங்கிலும் மாதக்கணக்கில் பிளேட்டுகளை வைத்து, வானிலிருந்து இறங்கும் காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் பதிய வைத்து, பிறகு மைக்ராஸ்கோப்பின் அடியில் அங்குலம் அங்குலமாகத் தேடி, எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளின் சுவடுகளை அவர்கள் அடையாளங்கண்டு, 1940 முதல் 1942 வரை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். யுத்த காலம். நுட்பம் மிகுந்த பிளேட்டுகள் இந்தியாவுக்கு வந்துசேரவில்லை. கையிலிருந்த ஹாஃப்டோன் பிளேட்டுகளால் கணக்கை அதற்குமேல் திருத்தமுடியவில்லை.

1947இல் பிரிஸ்டலில் ஸெஸில் பவலின் குழுவினர் அதே முறையில், மேலான பிளேட்டுகளைக்கொண்டு, பையான் என்ற துகளைக் கண்டுபிடித்தனர்; 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் திருடிவிட்டார் என்று நம்மவரில் சிலர் ஆவேசமாய்ப் பேசுவது நியாயமாகாது. போஸும் சௌதுரியும் செய்த வேலையை அவர் தம் நூலில் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார். சௌதுரியை அன்று தோற்கடித்தது பிளேட்டு. ஆனால் அதன்பின் நாற்பதாண்டுக் காலம் இந்தியாவின் விஞ்ஞானக் கழகங்களில் ஒன்றுகூட அவரை அங்கத்தினராக ஏற்காமற்போனதற்கு யுத்தத்தின்மேல் எப்படிப் பழிபோடுவது? 2019இல் ஸெக்ஸ்டன்ஸ் மண்டலத்து நட்சத்திரம் ஒன்றுக்கு 'பிபா' என்று பெயரிட்டார்கள். நல்ல காரியம்தான், கொஞ்சம் தூரமான மரியாதை.

மான்செஸ்டரில் பேராசிரியர் பிளாக்கெட்டிடம் பயின்று திரும்பிய சௌதுரி, 1949இல் பம்பாயில் ஹோமி பாபாவின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. பின்னாளில் ஆமதாபாதிலிருந்து கோலார் தங்கச் சுரங்க ஆராய்ச்சிகளிலும் பங்குகொண்டார். மேலேயுள்ள பாறை மற்றத் துகள்களை எல்லாம் வடிகட்டிவிட, துளைத்து வரக்கூடியவை மட்டுமே ஆழத்தை எட்டும் என்பதால் விஞ்ஞானிகள் அந்தக் குழிக்குள் கருவிகளை இறக்கினார்கள். 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் 1965இல் நியூட்ரினோக்களின் அடையாளம் அங்கே கிட்டியது. அந்தப் பாறையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், வட ஆற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். அதே ஊர்களிலிருந்து கப்பலேறி நம் மலாயாவுக்கு வந்தவர்களும் உண்டு.

அம்பாங்கிற்குத் தெற்கே பாங்கியில் புஸ்பதி என்னும் ஆராய்ச்சி அணு உலை 1982 ஜூன் 28ஆம் தேதி முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியபோது, சௌதுரி கல்கத்தாவில் இன்னும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய கடைசிக் கட்டுரை 1990இல் வெளிவந்தது. மறு ஆண்டு காலமானார்.