கருவாட்டுக்கும் உப்புவரிக்கும் என்ன தொடர்பு?



உப்பு, மீனிலுள்ள நீரை வெளியேற்றும். நீர் குறைந்தால் கிருமி பெருகாது. ஆகவே கருவாட்டின் தரம் உப்பில்தான் இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்து உப்புவரியால் மீனவர்களுக்கு நல்ல உப்பு எட்டாக்கனியானது. பலர் உப்புமண்ணைத் தடவினார்கள். சிலர் வெறும் வெயிலில் காயவைத்தார்கள். சீக்கிரமே புழு வைத்தது. பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1873 அறிக்கையில் இதை எடுத்துச் சொன்னார். பின்னர் சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் பதனிடும் வளாகங்கள் வந்தன. அங்கே வரியில்லா உப்பு கிடைத்தது. ஆனால் காவலுக்குள்ளேயே மீனில் இட வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது.

1930 உப்பு சத்தியாகிரகப் பாடத்தில் தண்டியையும் வேதாரண்யத்தையும் உங்களுக்குச் சொன்னேன். கருவாடு காயவைத்த தாய்மார்களைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பாக்கியை இன்று தீர்த்துவிட்டேன்.