இணையத்து அறிவியலும் கம்பம் பள்ளத்தாக்கும்

தமிழ்வழியில் அறிவியல் பயிலும் மாணவர்களுக்குப் பாடநூலைத் தாண்டிப் படிக்க அதிகம் கிடைக்காத நிலை நெடுங்காலம் நீடித்தது. அந்தக் குறையைப் போக்கப் பெரும்பாடு பட்டவர்களில் பெரியசாமித் தூரன் முதன்மையானவர். அவரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. பின்னர் குழந்தைகளுக்கென்றே தனிக் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வந்தது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்தி வருகிறது. அன்று நகரத்து நூலகங்களைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்த கலைக்களஞ்சியத் தொகுதிகள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் கட்டணமின்றிப் புரட்டும்படி கிடைக்கின்றன. போடியில் இருக்கும் மாணவிக்கும் சென்னையில் இருக்கும் மாணவிக்கும் இதில் வேறுபாடு இல்லை. இணையம் செய்திருக்கும் முதல் நன்மை இதுதான்.

கையில் இருப்பவை

2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் வந்தபோது பாடங்களின் ஓரத்தில் விரைவுக் குறியீடுகளும் இடம்பெற்றன. செல்பேசியைக் காட்டினால் தீக்ஷா தளத்தில் உள்ள காணொளியோ பயிற்சியோ திறக்கும். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, கைபேசி இல்லாத வீடுகளுக்கும் பாடம் கொண்டுசேர்த்த வழி அதுவே. 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வந்தது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் கையாலேயே சோதனை செய்து பார்க்க வழிசெய்தது.

உலக அளவில் ஆசிரியர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது ஃபெட் எனும் பாவனைச் சோதனைத் தொகுப்பு. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கினார். அதன் சோதனைகள் பலவற்றைத் தமிழிலும் இயக்கலாம். ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். நம் நாட்டில் அரவிந்த் குப்தாவின் பணி தனித்தன்மை கொண்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர் தீக்குச்சி, சைக்கிள் டியூப், பழைய பேனா ரீஃபில் ஆகியவற்றைக் கொண்டு அறிவியல் விளையாட்டுப் பொருள்கள் செய்யும் முறைகளைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் காணொளிகளாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவை யாவும் நல்லவை. ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் மாணவருக்கு அவை முழுப் பாடமாக வேண்டுமானால், இந்த மண்ணில் கண்ணெதிரே நடப்பவற்றோடு அவற்றை இணைத்துக் காட்ட வேண்டும். அந்த இணைப்பைச் செய்யக்கூடியவர் இங்குள்ள ஆசிரியர் ஒருவரே.

துத்தமும் கத்தியும்

பத்தாம் வகுப்பில் இடப்பெயர்ச்சி வினை என்றொரு பகுதி உண்டு. தாமிர சல்பேட்டுக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு கரைசலுக்குள் செல்ல, தாமிரம் வெளியேறி ஆணியின்மேல் செந்நிறமாகப் படியும். இதைக் காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். மாணவர் பார்ப்பார், சமன்பாட்டை எழுதுவார், மதிப்பெண் பெறுவார்.

இதே வினை திராட்சைத் தோட்டத்திலும் நடக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பந்தல்களில் அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். ஏலத்தோட்டங்களில் காய் அழுகலுக்கும் அதுவே மருந்து. ஒரு கிலோ மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்பேட்டை, ஐம்பது லிட்டர் தண்ணீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கினால் ஒரு சதவீதக் கலவை ஆயிற்று. அடிப்பதற்கு முன் பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றைக் கலவைக்குள் சற்று நேரம் வைத்து எடுத்துப் பார்ப்பது வழக்கம். அலகில் செந்நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி நிறம் மாறாமல் வரும்வரை பார்ப்பார்கள்.

அந்தக் கத்தியும் காணொளியில் வரும் ஆணியும் காட்டுவது ஒரே வினையைத்தான். துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்காமல் பிளாஸ்டிக் டிரம்மில் கரைப்பதற்கும் காரணம் அதுவே. இதைச் சொல்லிவிட்டு, இந்தக் கலவை பிறந்த கதையையும் ஆசிரியர் சொல்லலாம். பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் குறைந்திருப்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கண்டார். சோதித்துப் பார்த்து 1885இல் அறிவித்தார். உற்றுநோக்கல், ஐயம், சோதனை, முடிவு என்னும் அறிவியல் முறை முழுவதும் இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் திராட்சையின் நோய்களும் பாதுகாப்பு முறைகளும் தமிழிலேயே உள்ளன. ஆணிக் காணொளியையும் அந்தப் பக்கத்தையும் ஒரே பாடவேளையில் காட்டி, துத்தக் கரைசலில் ஒரு கத்தியை வைத்து எடுத்தும் காட்டினால் அந்தப் பாடம் மாணவருக்கு மறக்காது.

அணையும் காற்றும்

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வந்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது. ஃபெட் தொகுப்பில் ஒரு மின்னாக்கி உண்டு. குழாயைத் திறந்தால் நீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தோடு காந்தம் சுழலும். அருகே கம்பிச் சுருளில் இணைத்த விளக்கு எரியும். குழாயை அதிகம் திறந்தால் ஒளி கூடும். மின்காந்தத் தூண்டலை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியாது.

திரையில் கண்டதைக் கணக்காக்க நாளிதழ் போதும். பெரியாறு அணையின் நீர்மட்டமும் வெளியேற்றமும் நாள்தோறும் அச்சாகின்றன. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். நொடிக்கு 1,000 கன அடி நீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொண்டால், இழப்புகளைக் கழிக்காமல், 27.7 மெகாவாட் திறன் வரும். நொடிக்கு விழும் நீரின் நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம்.

காற்றுக்கும் இப்படியே. கம்பம் கணவாய் தமிழ்நாட்டின் காற்று வளம் மிக்க கணவாய்களுள் ஒன்று. ஆண்டிபட்டி வட்டாரத்துக் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் சுழல்வதைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும். காற்றாலைகளை ஏன் இங்கே நட்டார்கள், வேறிடத்தில் ஏன் நடவில்லை என்பதற்கு விடை இந்த ஒரு விதியில் இருக்கிறது. உலகக் காற்று வரைபடம் இணையத்தில் இலவசமாக உள்ளது. அதைத் திறந்து தம் ஊரின் சராசரிக் காற்று வேகத்தையும் பக்கத்து ஊரின் வேகத்தையும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொட்டிப்புரம் சொல்லும் பாடம்

தேனி மாவட்டம் அறிவியலின் பெயரால் நாடு முழுதும் பேசப்பட்டது பொட்டிப்புரத்தால். அங்கே மலைக்கடியில் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. புலிகளின் வழித்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்வளம் ஆகியவற்றை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பு வலுவானது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. சுற்றுச்சூழல் பற்றிய அந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றோடு சேர்ந்து, நியூட்ரினோவே உயிரைக் கொல்லும் கதிர் என்ற அச்சமும் பரவியது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6,500 கோடி வீதம் நம் உடலை ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றால் நமக்குத் தீங்கில்லை. 1965இலேயே கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களை இந்திய விஞ்ஞானிகளும் அயல்நாட்டவரும் சேர்ந்து கண்டறிந்திருக்கிறார்கள்.

செல்பேசிச் செய்திகள் பரவிய வேகத்தில் வகுப்பறைக்கு ஏற்ற தமிழ்ப் பாடம் வந்து சேரவில்லை. ஆதரிப்பதும் எதிர்ப்பதும் மக்களின் உரிமை. எதை ஆதரிக்கிறோம், எதை எதிர்க்கிறோம் என்று அறிந்து செய்வதற்குப் பள்ளி அறிவியல் துணைநிற்க வேண்டும். தன் ஊரைத் தொடும் கேள்விக்கு நல்ல பாடப்பொருள் இல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும் என்பதே பொட்டிப்புரம் ஆசிரியர்களுக்குச் சொல்லும் பாடம்.

நாம் செய்ய வேண்டியது

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. கம்பம் பள்ளத்தாக்குக்கென ஓர் அறிவியல் பாடத் தொகுப்பை நாமே உருவாக்குவோம். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும். பாடநூலின் பகுதி, அதற்குரிய இணையக் காணொளி அல்லது பாவனைச் சோதனை, நம் ஊரில் அதைக் காட்டும் இடம் அல்லது தொழில், மாணவர் செய்து பார்க்க ஒரு கணக்கு அல்லது சோதனை ஆகிய நான்கும் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கினால் போதும். மலைக்கிராமப் பள்ளிகளில் இணைப்பு எந்நேரமும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் வகையில் அமைக்க வேண்டும். வேளாண் அலுவலர்களும் மின்நிலையப் பொறியாளர்களும் தோட்டக்காரர்களும் தகவல்களைச் சரிபார்த்துத் தரலாம். வெளியூர்களில் கணினித் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் தொகுப்பை இணையத்தில் ஏற்றிப் பராமரிக்கலாம்.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. கருவிகள் பள்ளிகளுக்கு வந்துவிட்டன, பாவனைச் சோதனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அணையும் காற்றாலையும் திராட்சைப் பந்தலும் பக்கத்திலேயே உள்ளன. வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் உங்கள் பள்ளியின் பாடம் ஒன்றை எழுதி முடித்து, அடுத்த பள்ளியோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.