காலனிய காலத் தொழில் தகராறுச் சட்டங்களும் வட ஆர்க்காட்டுத் தோல் தொழிலும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயமும் அதன் அருகிலுள்ள வாணியம்பாடியும் அடங்கிய திருப்பத்தூர் தாலுகா, 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வட ஆர்க்காட்டுடன் சேர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகள் பதனிட்ட தோல் கப்பலேறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் பஞ்சாலையையும் ரயில்வேயையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டன.

அவற்றில் பழையது தொழிலாளியைக் காக்க வந்ததே அல்ல. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால், வேலையை முடிக்கவோ பணத்தைத் திருப்பவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. 1926-இல்தான் அது ஒழிந்தது.

தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. நூறு பேரும் இயந்திர விசையும் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 1922-க்குள் அந்த எண்ணிக்கை இருபதாகக் குறைந்தது, விசை என்ற நிபந்தனையோ நீடித்தது. டேனரியிலோ எல்லாம் கைவேலை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கி மரக்கட்டையில் விரித்து, இருபுறமும் கைப்பிடி உள்ள கத்தியால் மயிரையும் சதையையும் வழிப்பார்கள்; பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். என்ஜின் இல்லை, ஆகவே இன்ஸ்பெக்டரும் இல்லை. விசையில்லாத இடங்களையும் சேர்த்துக்கொள்ள மாகாண அரசுக்கு அதிகாரம் இருந்தும் அது அரிதாகவே பயன்பட்டது. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இந்த ஓட்டையைச் சுட்டியது. சென்னை மாகாணம் விசையில்லாத் தொழிற்சாலைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது 1947-இல்.

சங்கம் வைக்கும் உரிமை சென்னையில் நடந்த வழக்கிலிருந்து பிறந்தது. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது பஞ்சாலை முதலாளியான பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட, அந்த அதிர்ச்சியே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது.

1929-இன் தொழில் தகராறுச் சட்டம் விசாரணை மன்றம், சமரச வாரியம் என இரண்டு அமைப்புகளைத் தந்தது. இரண்டின் முடிவும் யாரையும் கட்டுப்படுத்தாது. பொதுப் பயன்பாட்டுத் துறைகளில் மட்டும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கட்டாயம். டேனரிகள் அந்தப் பட்டியலில் இல்லை. போர்க்காலத்தில், 1942-இல் வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 81-ஏ விதி, தகராறைத் தீர்ப்புக்கு அனுப்பவும் வேலைநிறுத்தத்தைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1947 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுச் சட்டம் அதன் சாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

தோல் தொழிலாளரை நேராகப் பார்த்தது, பொருளியல் அறிஞர் பி.வி. நாராயணசாமி நாயுடு தலைமையிலான விசாரணை மன்றம். பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, தோல் பதனிடுதல் ஆகியவற்றின் வேலை நிலைமைகளை ஆராய்ந்த அதன் அறிக்கை 1947-இல் வெளியானது. மறு ஆண்டே குறைந்தபட்சக் கூலிச் சட்ட அட்டவணையில் டேனரி இடம்பெற்றது.

1929-இன் பதினான்கு நாள் முன்னறிவிப்பை 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிலகங்களுக்கும் விரித்திருக்கிறது. ஆம்பூர் ஷூ ஆலைகளும் அதில் அடக்கம்.