நூலை இழுத்தவள்

நன்னூலின் பாயிரத்தை ஆண்டுதோறும் இளங்கலை மாணவிகளுக்கு நடத்துகிறேன். நூல் உருவாகும் விதத்தை விளக்க பவணந்தி நூற்கும் பெண்ணை உவமை சொல்கிறார். சொல் பஞ்சு, புலவன் நூற்பவள், வாய் அவளது கை, அறிவு கதிர். ஒருமுறை மாணவி ஒருத்தி கேட்டாள்: "புலவரைப் பெண் மாதிரின்னு சொல்றாரு. பெண்ணைப் புலவர்னு எப்ப மேடம் சொல்வாங்க?" வகுப்பே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. ஃப்ளாரன்ஸ் பெல்லைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே வில்லியம் ஆஸ்ட்பரி 1930களில் கம்பளி மயிரை இழுத்து எக்ஸ் கதிரில் படம் பிடித்தார். இழுக்காத மயிர் ஒரு வடிவம் காட்டியது. இழுத்த மயிர் வேறொன்று. மடங்கியிருந்த மூலக்கூறு இழுபட்டதும் நிமிர்ந்துகொள்கிறது என்று அவர் கண்டார். ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிய அதை இழுத்துப் பார் என்ற பாடம் தறிகளின் ஊரில் பிறந்தது.

1937இல் ஃப்ளாரன்ஸ் பெல் அந்த ஆய்வகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. அவரிடம் வந்த பொருள் டி.என்.ஏ. ஈரமான அந்தப் பிசினை உலர்த்தி, இழுத்து, மூலக்கூறுகளை ஒரே திசையில் வரிசைப்படுத்திப் படமெடுத்தார். இழையின் நீளவாக்கில் 3.34 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவதைப் படம் காட்டியது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. காசுகளை அடுக்கியதுபோலக் காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன என்று 1938இல் ஆஸ்ட்பரியும் பெல்லும் எழுதினார்கள். அந்த இடைவெளி இன்றும் சரி. அடுத்த ஆண்டு அவர் ஒரு மாநாட்டில் பேசியபோது உள்ளூர்ப் பத்திரிகை, பெண் விஞ்ஞானி விளக்குகிறார் என்று தலைப்பிட்டது. அவர் கண்டது அல்ல, அவர் பெண்ணாக இருந்ததுதான் செய்தி.

பெல்லின் படங்கள் மங்கலானவை. காரணம் 1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளினால் தெளிவானது. இழையைச் சுற்றியுள்ள ஈரப்பதத்தை அவர் நுட்பமாகக் கட்டுப்படுத்தினார். டி.என்.ஏ.வுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஈரம் குறைந்தபோது 'ஏ': காரங்கள் சாய்ந்து, இழை குட்டையாகி, ஒரு சுற்றுக்குச் சுமார் 28 ஆங்ஸ்ட்ராம். நீரை ஈர்த்துக்கொண்டதும் 'பி': காரங்கள் அச்சுக்கு ஏறக்குறையக் குறுக்காக நிமிர, சுற்று 34 ஆங்ஸ்ட்ராம். யாரும் இழுக்காமலே இழை நீண்டது. பெல்லின் படத்தில் இந்த இரண்டும் கலந்து பதிந்திருந்தன. பிறகு நடந்தது பலரும் அறிந்ததுதான். ஃபிராங்க்ளினின் படம் அவருக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1958இல், 37 வயதில் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மூன்று ஆண்கள் நோபல் பரிசு பெற்றார்கள்.

இழுக்கும் வேலை நிற்கவில்லை. 1992இல் ஸ்மித், லாரா ஃபின்சி, புஸ்டமாண்டே மூவரும் ஒற்றை டி.என்.ஏ. மூலக்கூறின் ஒரு முனையைக் கண்ணாடியில் ஒட்டி, மறுமுனையில் காந்தமணி கட்டி இழுத்தார்கள். சிறு விசைக்கு, கசங்கிக் கிடந்த நூல் நிமிர்கிறது, அவ்வளவுதான். அதற்கப்பால் இழுத்தால் விறைத்துக்கொண்டு எதிர்க்கிறது. விசை 65 பிகோநியூட்டனை எட்டும்போது, 1996இல் கண்டபடி, சட்டென்று 1.7 மடங்கு நீள்கிறது. பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நீட்சியில் உள்ளே என்ன நடக்கிறது? ஏணிப்படிகள் அறாமல் முறுக்கு மட்டும் தளர்ந்து புதிய வடிவம் வருகிறது என்றார்கள் சிலர். இல்லை, விசையே இரு இழைகளையும் பிரித்துவிடுகிறது என்று 2001இல் யூலியா ரூசினாவும் புளூம்ஃபீல்டும் வாதிட்டார்கள். உப்பு, வெப்பம், கார வரிசை ஆகியவற்றைப் பொறுத்து இரண்டுமே நடக்கும் என்பது பின்னர் தெளிவானது.

இது வெறும் ஆய்வக விளையாட்டு அல்ல. நம் செல்களும் டி.என்.ஏ.வை இழுக்கின்றன. அறுந்த இழையைச் செப்பனிட, ஆர்.ஏ.டி.51 என்ற புரதம் அதைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீட்டுகிறது. ஒத்த வரிசையைத் தேடிப் பொருத்த அந்த நீட்சி வேண்டும். அந்தப் புரதத்தை அங்கே கொண்டுவந்து அமர்த்துவது பி.ஆர்.சி.ஏ.2. இந்த மரபணு பழுதானால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. டி.என்.ஏ. எப்படி நீள்கிறது என்ற கேள்வி நம் உடம்பைப் பற்றிய கேள்வி.

பெல்லுக்கு என்ன ஆயிற்று? 1941இல் விமானப்படையின் பெண்கள் பிரிவுக்கு அழைக்கப்பட்டார். ஆய்வகம் அவரைத் தக்கவைக்க முயன்றும் முடியவில்லை. அமெரிக்கப் படைவீரர் ஒருவரை மணந்து அமெரிக்கா போனார். தொழில்துறை வேதியியலாளராகவும் வேலை பார்த்தார். 2000ஆம் ஆண்டில் இறந்தபோது, இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் எழுதப்பட்டது: இல்லத்தரசி.

வீட்டு வேலையைத் தாழ்வாக எண்ணி இதைச் சொல்லவில்லை. இழையை இழுத்து, உலர்த்தி, அளந்த கை ஒன்று அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோயிற்று என்பதைத்தான் சொல்கிறேன். அந்த மாணவி இப்போது படிப்பு முடித்துப் போய்விட்டாள். இந்த ஆண்டு பாயிரம் நடத்தும்போது உவமையை விளக்கிவிட்டுக் கரும்பலகையில் ஃப்ளாரன்ஸ் பெல் என்று எழுதினேன். யார் மேடம் இவங்க என்றார்கள். நூலை இழுத்தவள் என்று தொடங்கினேன்.