சன் டூர்: ஒரு சைக்கிள் பந்தயமும் நாம் வந்த வாசலும்

இலக்கியக் கூட்டத்தில் சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றைப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நியாயமானதுதான். ஆனால் பல நாள் சைக்கிள் பந்தயம் பிறந்த இடம் பத்திரிகை அலுவலகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1903இல் பாரிஸில் ‘லோட்டோ’ என்ற விளையாட்டு நாளிதழ், போட்டிப் பத்திரிகையை வீழ்த்துவதற்காகத் தொடங்கியதுதான் டூர் டி பிரான்ஸ். அந்தப் பத்திரிகை அச்சான தாளின் நிறம் மஞ்சள். முன்னணியில் இருப்பவர் அணியும் சட்டையும் மஞ்சளானது. 1909இல் இத்தாலியில் இன்னொரு பத்திரிகை தன் பந்தயத்தைத் தொடங்கியது. அதன் தாள் இளஞ்சிவப்பு. பின்னாளில் அங்கே சட்டையும் இளஞ்சிவப்பு.

காரணம் எளிது. நூறு, இருநூறு கிலோமீட்டர் நீளும் ஒரு பந்தயத்தை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது. சாலையோரம் நிற்பவருக்கு வீரர்கள் கடந்துபோகும் அரை நிமிடம்தான் கிடைக்கும். மீதியை மறுநாள் காலைப் பத்திரிகையில்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் யாருக்குக் குறைந்த நேரமோ அவரே வெற்றியாளர். இன்று முதலில் வந்தவர் நாளை மலையில் பின்தங்கலாம். தொடர்கதைக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது. மெல்பர்னில் 1952இல் ‘சன் டூர்’ தொடங்கியபோது, தமிழ்நாட்டில் வாசகர்கள் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வ’னின் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள். காத்திருப்பின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில் சாலைப் பந்தயம் அதற்கு முன்பே இருந்தது. மெல்பர்ன்–வார்னம்பூல் பந்தயம் 1895இல் தொடங்கியது, கோல்பர்ன்–சிட்னி பந்தயம் 1902இல். இரண்டும் ஒரே நாளில் முடிபவை. பல நாள் பந்தயத்தின் கதையை இந்த நாடு முதலில் பிரான்ஸ் வழியாகத்தான் வாசித்தது. 1928இல் மெல்பர்ன் ‘ஹெரால்ட்’ உள்ளிட்ட பத்திரிகைகள் நிதி திரட்டி, மூன்று ஆஸ்திரேலியர்களையும் ஒரு நியூசிலாந்துக்காரரையும் டூர் டி பிரான்ஸுக்கு அனுப்பின. அவர்களில் ஒருவர் விக்டோரியாவின் ரோச்செஸ்டர் ஊரில் பிறந்த ஹியூபர்ட் ஆப்பர்மன். மக்கள் அவரை ‘ஆப்பி’ என்று அழைத்தார்கள்.

சைக்கிள் பந்தயத்தில் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் வருகிறவர்கள் சிரமம் குறைந்து போவார்கள். முறை வைத்து இடம் மாறிக்கொள்வார்கள். அந்த ஆண்டு சமதளக் கட்டங்கள் பலவற்றில் ஒவ்வோர் அணியும் தனித்தனியாகப் புறப்பட வேண்டும் என்பது விதி. பத்துப் பேர் கொண்ட அணி பத்தாகப் பங்கிட்ட காற்றை, இவர்கள் நால்வர் பங்கிட்டார்கள். அப்படியிருந்தும் ஆப்பர்மன் 18ஆவதாக வந்தார். 1931இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பந்தயத்தை வென்றார். ஒரு தலைமுறை ஆஸ்திரேலியர்களுக்கு அவர் வீட்டுப் பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1952இல் ‘சன் நியூஸ்-பிக்டோரியல்’ என்ற மெல்பர்ன் காலைப் பத்திரிகை, அந்தப் பரபரப்பை உள்ளூர்ச் சாலைக்குக் கொண்டுவந்தது. விக்டோரியாவின் நாட்டுப்புற ஊர்கள் வழியாகச் செல்லும் பந்தயம். முதல் வெற்றியாளர் கீத் ரௌலி. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ரஸ்ஸல் மாக்ரிட்ஜ் 1957இல் சன் டூரை வென்றார். மறு ஆண்டு செப்டம்பரில், கிப்ஸ்லாந்து பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், மெல்பர்ன் கிளேட்டன் பகுதியில் டாண்டினாங் சாலையில் பேருந்து மோதி இறந்தார். வயது முப்பது. இன்று நம்மவர்கள் வேலைக்கும் கடைக்கும் ஓட்டிப்போகும் சாலை அது. 1964 முதல் 1968 வரை பாரி வாடல் தொடர்ந்து ஐந்து முறை சன் டூரை வென்றார்.

வாடலின் அந்த ஐந்து ஆண்டுகளை நான் வேறொரு காரணத்துக்காகவும் கவனிக்கிறேன். 1901இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை அப்போதும் நடைமுறையில் இருந்தது. அந்தச் சாலையோரங்களில் கைதட்டி நின்ற கூட்டத்தில் நம் முகம் அரிதாகவே இருந்திருக்கும். குடியேற்ற அமைச்சராக 1963 டிசம்பரில் பொறுப்பேற்றவர், 1949இலேயே நாடாளுமன்றம் சென்றிருந்த ஆப்பர்மன். அதே ஆப்பி.

1964இல் அவர் கொள்கையைச் சற்றுத் தளர்த்தும் யோசனையை அமைச்சரவையில் வைத்தார். மென்சீஸ் அரசு ஏற்கவில்லை. 1965 ஆகஸ்டில் ஃபிஜியில் பிறந்த ஐந்து வயது இந்திய வம்சாவளிச் சிறுமி சிட்னியிலிருந்து நாடுகடத்தப்பட்டாள். பழங்குடி உரிமைப் போராளி சார்லஸ் பெர்க்கின்ஸ் விமான நிலையத்திலேயே அவளைக் கடத்துவதுபோல் தூக்கிச்சென்று நாட்டின் கவனத்தைத் திருப்பினார். ஆயினும் அவள் அனுப்பப்பட்டாள். பொறுப்பான அமைச்சர் ஆப்பர்மன்.

மென்சீஸ் ஓய்வுபெற்று ஹரோல்ட் ஹோல்ட் பிரதமரானதும், துறைச் செயலாளர் பீட்டர் ஹேய்டனின் உறுதுணையோடு அதே யோசனை மீண்டும் அமைச்சரவைக்குப் போனது. 1966 மார்ச் 9 அன்று ஆப்பர்மன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: தகுந்த கல்வியும் திறமையும் உள்ள ஐரோப்பியர் அல்லாதோரின் விண்ணப்பங்களும் பரிசீலிக்கப்படும், தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் நிரந்தரமாகத் தங்க 15 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை, 5 ஆண்டு போதும். ஒத்த தன்மையுள்ள மக்கள்தொகை என்ற அடிப்படை மாறாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். கதவு முழுதாகத் திறக்க 1973இல் விட்லம் அரசு வரவேண்டியிருந்தது. ஆனால் முதலில் சிறிது திறந்த அந்த இடைவெளி வழியாகத்தான் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மருத்துவர்களும் பொறியாளர்களும் வரத் தொடங்கினார்கள். 1983க்குப் பின் வந்த பலருக்குச் சிட்னியிலும் மெல்பர்னிலும் ஓர் உறவினரோ ஊர்க்காரரோ முன்பே இருந்தார் என்றால், அதற்கும் இதில் ஒரு பங்குண்டு.

சன் டூரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990இல் ‘சன்’ பத்திரிகை ‘ஹெரால்ட்’டுடன் இணைந்ததும் பந்தயம் ‘ஹெரால்ட் சன் டூர்’ ஆனது. 1999இல் அடிலெய்டில் ‘டூர் டவுன் அண்டர்’ தொடங்கியது. அதற்குத் தெற்கு ஆஸ்திரேலிய அரசின் ஆதரவும் தொலைக்காட்சியும் இருந்தன. வீரர்களைத் திரையில் நேரடியாகப் பார்க்கும் காலத்தில் மறுநாள் பத்திரிகைக்கு யார் காத்திருப்பார்கள்? ஆனாலும் சன் டூர் எளிதில் ஓயவில்லை. 2009இல் பிராட்லி விக்கின்ஸ் வென்றார். 2016 பிப்ரவரியில் கிறிஸ் ஃப்ரூம் ஆர்தர்ஸ் சீட் குன்றில் வெற்றியை உறுதிசெய்தார். பெண்களுக்கான பந்தயம் 2018இல்தான் வந்தது. முதல் பந்தயத்திலிருந்து 66 ஆண்டுகள். 2020இல் ஜெய் ஹிண்ட்லி வென்றார். இரண்டு ஆண்டில் அவரே இத்தாலியின் இளஞ்சிவப்புச் சட்டையை வென்ற முதல் ஆஸ்திரேலியரானார். 2021இல் கொரோனாவால் சன் டூர் நின்றது. பிறகு நடக்கவில்லை. பத்திரிகையால் பிறந்த பந்தயம், பத்திரிகையின் செல்வாக்கு தேய்ந்த காலத்தில் முடிந்துபோனது.

ஆப்பர்மன் 1996இல், 91ஆம் வயதில், வீட்டு உடற்பயிற்சி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். அவரை நாம் எப்படி நினைவுகூர்வது? நமக்கு வாசல் திறந்த வள்ளல் என்று மாலை போட்டால் அந்த ஐந்து வயதுச் சிறுமியை மறந்தவர்களாவோம். அவளை அனுப்பியவர் என்று மட்டும் எழுதினால் நிராகரிக்கப்பட்ட யோசனையை இரண்டாம் முறை கொண்டுபோனவரை மறந்தவர்களாவோம். ஏழு மாத இடைவெளியில் இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். பந்தயத்திலாவது எல்லாக் கட்டங்களையும் கூட்டி ஒரே எண்ணைச் சொல்லிவிடலாம். மனிதர்களுக்கு அப்படிக் கூட்டுத்தொகை போட முடியாது; கட்டம் கட்டமாகத்தான் சொல்ல வேண்டும். நாம் குடியேறிய நாட்டின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இரண்டு கட்டங்களையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.