ஆறாம் ஆண்டில் போட்ட காச ஊசி



சென்ற ஆண்டு சுகாதாரத் தாதியர் நம் பள்ளிக்கு வந்து ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பேரனைப் பிடித்துக்கொள்ள வந்திருந்த ஒரு பாட்டி, ரவிக்கைக் கையைச் சற்றே உயர்த்தி இரண்டு வடுக்களை என்னிடம் காட்டினார்.

“இங்க பாருங்க வாத்தியாரே, ஒண்ணு சின்னதுல போட்டது. இன்னொண்ணு ஆறாவது படிக்கையில போட்டது. இப்ப உள்ள புள்ளைங்களுக்கு ரெண்டாவது டிபி ஊசியே கிடையாதாமே? தமிழ்ப்பள்ளிப் புள்ளைங்கதானேன்னு விட்டுட்டாங்களா?”

கேள்வியில் நியாயம் உண்டு. நல்லது எது வந்தாலும் தோட்டத்துக்குக் கடைசியாகத்தான் வரும், போவதென்றால் முதலில் போகும் என்று பழகிப்போனவர்கள் நாம். அன்று அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஒழுங்கான பதிலை இம்மலரில் எழுதுகிறேன்.

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1882 மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். அதற்குத் தடுப்பூசி செய்ய முனைந்தவர்கள் கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். 1908இல் லீல் நகரில் வேலையைத் தொடங்கினார்கள். மாடுகளைத் தாக்கும் காசக் கிருமியை எடுத்து, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்ந்த உருளைக்கிழங்கில் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுக் கிழங்குக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். நடுவில் முதல் உலகப் போர் மூண்டு, ஜெர்மானியப் படை ஊரையே பிடித்துக்கொண்டது. அப்போதும் விடவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றியபின் கிருமியின் வீரியம் அடங்கியது. பி.சி.ஜி. என்ற பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் இவ்விருவரையும் குறிப்பவை.

1921இல் பாரிசில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாக அதைக் கொடுத்தார்கள். ஊசியாக அல்ல, வாய்வழியாக! அக்குழந்தையின் தாய் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்க வேண்டிய பாட்டிக்கும் அதே நோய். ஆயினும் குழந்தை நோயின்றி வளர்ந்தது. எல்லாம் சுகமாகவே நடக்கவில்லை. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், வீரியமுள்ள கிருமி தவறுதலாகக் கலந்துபோன மருந்தைக் குடித்த குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊசி என்றாலே நம் பெரியவர்கள் பயந்தது முழு மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ராஜாஜியே 1955இல் இந்தத் தடுப்பூசியை எதிர்த்து எழுதியவர்தாம்.

நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961இல் தொடங்கியது. பிறந்த குழந்தைக்கு ஒன்று, ஆரம்பப் பள்ளியை முடிக்கும் வயதில் மற்றொன்று என்று போட்டுவந்தார்கள். முதல் ஊசியின் பலம் காலப்போக்கில் குறைந்துவிடும், இரண்டாவது அதைப் புதுப்பிக்கும் என்பது எண்ணம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டாமா?

இங்கேதான் நம் முன்னோர்களின் ஊர்ப்பக்கம் கதைக்குள் வருகிறது. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. வெயில் நாட்டிலும் அப்படியா என்று பார்க்க, 1968 முதல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு மாபெரும் ஆய்வு நடந்தது. சிலருக்கு உண்மை மருந்து, சிலருக்கு வெறும் நீர். ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள் (ஏழரை என்றதும் சிரிக்க வேண்டாம்). முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி அங்கே தடுக்கவேயில்லை. வெப்ப நாட்டு மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு கிருமிகள் உடம்பை முன்பே பழக்கிவிடுவதால், ஊசியால் கூடுதல் பலன் இல்லாமல் போகிறது என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று.

1995இல் உலகச் சுகாதார நிறுவனம், இரண்டாம் முறை போடுவதால் பயன் உண்டென்பதற்குச் சான்று இல்லை என்று அறிவித்தது. பிரேசில் நாட்டில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் 2005இல் அதையே காட்டியது. அதற்கு முன்னரே, 2001 ஜூலையில், சிங்கப்பூர் பள்ளிகளில் இந்த இரண்டாம் ஊசியை நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் அதே காலக்கட்டத்தில் நின்றது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுவந்த முதல் ஊசியே 2005இல் நின்றது. ஆக, மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்ற பேச்சுக்கே இடமில்லை. என் அக்காவுக்கு இரண்டு வடு, எனக்கு ஒன்றுதான். நான் ஆறாம் ஆண்டு முடித்தது 2002இல்.

அப்படியானால் பிறந்ததும் போடுகிறார்களே, அதுவும் வீண்தானா? இல்லை, பெற்றோர்களே! குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் காசத்தையும், உடம்பெங்கும் பரவும் காசத்தையும் அந்த ஊசி நன்றாகத் தடுக்கிறது. சின்னஞ்சிறு உயிரைப் பறிப்பவை அவை. ஆகவே அந்த முதல் ஊசி இன்றும் உண்டு, கட்டாயம் போட வேண்டும். வடு தெரியவில்லையே என்று கலங்க வேண்டாம். அதற்காக மறுபடி போடத் தேவையில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. இப்போது தாதியர் பள்ளிக்குக் கொண்டுவருவது வேறு ஊசிகள்: ஒன்றாம் ஆண்டில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுவது போன்றவை.

இவ்வளவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டு பாட்டியைத் தேடிப் போனபோது, அவர் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்றேன். “அது கெடக்கு ரெண்டு மாசமா. எனக்கும்தான் ரெண்டு ஊசி போட்டிருக்கே, அதெல்லாம் வராது தம்பி,” என்றார். அந்த நம்பிக்கையைக் கேட்டதும் எனக்குச் செங்கல்பட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்க வேண்டும். அவர் வரமாட்டேன் என்றார். டிபி என்றால் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும், லயத்தில் எவனும் பேசமாட்டான் என்ற பழைய பயம்.

நல்ல மருந்தும் சத்துள்ள சாப்பாடும் தேடி மலையடிவார ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த காலம் வேறு. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே குணம் கிடைக்கும் என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இலேயே காட்டிவிட்டது. இதைச் சொல்லித்தான் மறுநாள் என் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சளியில் கிருமி இருந்தது. வீட்டில் எல்லாரையும் பரிசோதித்தார்கள், பேரனையும் சேர்த்து. பையனுக்கு ஒன்றும் இல்லை.

பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னவர் அவரேதான். ஆறு மாத மருந்தில் இது ஐந்தாவது மாதம். சாயங்காலம் செம்பனைக்காட்டு ஓரமாக நடந்துபோகிறார், பேரன் சைக்கிளில் முன்னால் போகிறான்.