வாளியிலிருந்து லாரிக்கு: மாறிய கருவியும் மாறாத கையும்



பின்புறத்தில் ‘செப்டிக் டேங்க் கிளீனிங்’ என்றும் ஒரு கைப்பேசி எண்ணும் எழுதப்பட்ட லாரியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் சாத்தப்படும். அந்த லாரிக்கும் ஒரு வரலாறு உண்டு. வாளி, தகரம், கைவண்டி, மாட்டுவண்டி, டிராக்டர், லாரி என்று நீளும் அந்த வரலாற்றில் கருவிகள் மாறியதை நகராட்சிக் கோப்புகள் பதிவு செய்திருக்கும். கருவியைப் பிடித்த கை மாறியதா என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ளுவது அன்றாட வேலை. நம் பாட்டிமார்கள் சாம்பலும் துடைப்பமும் கொண்டு வீடுகளின் பின்சந்து வழியாக நுழைந்தார்கள். 1993இல் வந்த சட்டம் உலர் கழிப்பறை கட்டுவதையும் அதில் ஆள் வைத்து அள்ளுவதையும் தடை செய்தது. பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்களில் செப்டிக் டேங்க் பெருகியது. அதனால் மலம் அள்ளும் தேவை ஒழிந்துவிடவில்லை. தினமும் நடந்தது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் வந்து சேர்ந்ததுதான் இந்த லாரி.

இந்த லாரியை ஓட்டுவதும் பராமரிப்பதும் எளிய வேலை அல்ல. கியர்பாக்ஸிலிருந்து விசையெடுத்து ஓடும் வேக்குவம் பம்ப் மலத்தை இழுப்பதில்லை. டேங்கருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளிக்காற்றின் அழுத்தம் தொட்டியில் உள்ளதை ஓஸ் வழியாக மேலே தள்ளுகிறது. அதனால்தான் கணக்குப்படியே சுமார் 10 மீட்டருக்குமேல் தண்ணீரைக்கூட இழுக்க முடியாது. நடைமுறையில் ஆழம் இன்னும் குறைவு. ஓரிடத்தில் கேஸ்கட் தேய்ந்து காற்று கசிந்தாலும் கேஜில் முள் ஏறாது. டேங்கர் நிரம்பும்போது கழிவு பம்புக்குள் போகாமல் தடுக்கும் மிதவை வால்வில் துணியோ முடியோ சிக்கினால் பம்ப் கெட்டுவிடும். பம்புக்குள் சுழலும் தகடுகள் தேய்ந்ததைச் சத்தத்தை வைத்தே அறிய வேண்டும். எண்ணெய் சொட்டுவது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது ஒரு மெக்கானிக்கின் அறிவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் கம்ப்ரஸரைக் கையாள்பவரை ஊர் ‘ஆபரேட்டர்’ என்று அழைக்கிறது. இங்கே அதே அளவு நுட்பத்துக்கு ‘கக்கூஸ் வண்டிக்காரன்’ என்று பெயர். வேலையின் நுட்பம் அல்ல, அது தொடும் பொருளும் தொடுபவரின் சாதியும்தான் பெயரைத் தீர்மானிக்கின்றன. நாம் களத்தில் கண்டவரை, லாரியின் உரிமையாளரும் சிலவேளை ஓட்டுநரும் வேறு சாதியினராக இருக்கலாம். ஓஸைத் தோளில் சுமந்து தொட்டிக்குள் இறக்குபவர் பெரும்பாலும் நம்மவர்.

இயந்திரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் உயிர்கள் போகின்றன. தண்ணீராக இருப்பதை பம்ப் உறிஞ்சிவிடும். அடியில் மணலோடு இறுகிய வண்டல் வராது. தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து எடுக்க வேண்டும். அதற்கு நேரமும் டீசலும் இன்னொரு நடையும் செலவாகும். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் “கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாருப்பா” என்ற குரல் எழுகிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்குவது. அளவு கூடும்போது அது மூக்கின் உணர்வையே மழுங்கடிக்கும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார்; தூக்கப் போகும் அடுத்தவரும் விழுகிறார். லாரியின் டேங்கரைக் கழுவ உள்ளே நுழைவதிலும் இதே ஆபத்து உண்டு.

2013ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, அண்ணலின் நினைவு நாளில், நடைமுறைக்கு வந்தது. ஆனால் அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆக மாட்டார் என்று அதன் வரையறை விலக்குகிறது. லாரி வந்ததும் நம் ஆள் கணக்கெடுப்பிலிருந்தும் மறுவாழ்விலிருந்தும் நழுவிவிடுகிறார். இறந்த பிறகுதான் கணக்கில் வருகிறார்: உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. பிணத்துக்கு விலை உயர்ந்த அளவுக்கு உயிரோடிருப்பவரின் கூலியும் காப்பீடும் உயரவில்லை.

கருங்குழி போன்ற ஊர்களில் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி இந்த லாரிகளுக்கு உரிமம் வேண்டும். வரவேற்கிறோம். ஆனால் வண்டிக்கு உரிமம் கேட்கும் அரசு, வண்டியில் வேலை செய்பவரின் பணிப்பதிவையும் கேட்க வேண்டும். பதிவு, மாதச் சம்பளம், பம்பையும் வால்வையும் பழுது நீக்கும் பயிற்சிக்கு அரசுச் சான்றிதழ், ஈ.எஸ்.ஐ. ஆகியவை உரிமத்தின் நிபந்தனைகளாக வேண்டும்.

2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டு. அதை நாம் பயன்படுத்தலாம். அதோடு ஒரு எச்சரிக்கையும் தேவை. வாளியின் இடத்தில் லாரியை வைத்து அதை நம் தலைமுறைக்கே சொந்தமாக்கினால் இழிவு நவீனமாகுமே தவிர ஒழியாது. லாரி வாங்க மானியம் கிடைக்கும் அதே வீட்டுப் பிள்ளைக்கு, வேறு எந்தத் தொழிலுக்கும் அதே மானியமும் வங்கிக் கடனும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இந்த வேலையை இன்று செய்பவருக்கு மரியாதையும் பாதுகாப்பும், அவர் பிள்ளைக்கு இதை விட்டு வெளியேறும் உரிமையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்போம். ஜெய்பீம்.